ஆச்சியின் மஞ்சள் பை

2023 டிசம்பர் வெள்ளத்தில் சிந்துபூந்துறை வீட்டுக்குள் தாமிரபரணி புகுந்தபோது ஆச்சியின் மஞ்சள் பையும் நனைந்து கூழாகிவிட்டது. பதினைந்து வருட மருந்துச் சீட்டுகள் அதில்தான் இருந்தன. பிறகு பாளையங்கோட்டையில் மருத்துவர், "எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை?" என்று கேட்டார். "வெள்ளையாக, சின்னதாக இருக்கும் ஐயா" என்றாள் ஆச்சி. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

நேற்று அவளுக்கு ஆபா (ABHA) எண் எடுத்துவிட்டேன்; ஒருவரின் மருத்துவப் பதிவுகளை டிஜிட்டல் முறையில் இணைக்கும் அரசு அடையாள எண் அது. 14 இலக்கங்கள். 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் வந்த திட்டம். பதிவுகள் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். நாம் சம்மதித்தால்தான் இன்னொரு மருத்துவர் பார்க்கலாம். அந்தச் சம்மதம் எனக்கு மிக முக்கியம். ஆனால் எண் மட்டும் இருந்து என்ன பயன்? சின்னச் சின்ன கிளினிக்குகளும் ரத்தப் பரிசோதனை நிலையங்களும் இதில் இணைய வேண்டுமே! திங்கட்கிழமை ஆச்சிக்குச் சர்க்கரைப் பரிசோதனை. அங்கே முதலில் இதைத்தான் கேட்கப்போகிறேன்.