எடை மேடையில் தொடங்கிய வேலை

அடிலெய்டிலிருந்து போர்ட் அகஸ்டாவுக்குப் போகும் நெடுஞ்சாலை. மணிக்கு 105 கிலோமீட்டர் வேகம். எதிரே வந்த நீளமான லாரி ஒன்று எங்களைக் கடந்ததும், பின்னால் இழுத்து வந்த கேம்பர் டிரெய்லர் (கூடாரமும் அடுப்பும் உள்ள இழுவை வண்டி) இடமும் வலமுமாக வால் ஆட்டத் தொடங்கியது. முதல் ஆட்டம் சின்னதுதான். இரண்டாவது அதைவிடப் பெரிது. மூன்றாவதில் காரின் பின்பக்கமே சேர்ந்து அசைந்தது. "ஏங்க, பின்னாடி ஆடுது" என்று மனைவி கண்ணாடியைப் பார்த்துச் சொன்னபோது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் கால் தானாகவே காரின் பிரேக்குக்குத்தான் போகும். போகக் கூடாது. காரை மட்டும் பிடித்தால் பின்னால் இருக்கும் எடை காரைத் தள்ளும், ஆட்டம் இன்னும் கூடும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்து, டிரெய்லரின் மின்சார பிரேக்கை மட்டும் இயக்கும் குமிழை அழுத்தினேன். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் அதைப் பொருத்திய மெக்கானிக் அன்று இரண்டு தடவை சொல்லிக்கொடுத்திருந்தார். டிரெய்லர் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்ததும் கயிறு போல நேரானது. ஓரமாக நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் நாங்கள் எதுவும் பேசவில்லை.

பயணத்தை அங்கேயே விட்டுவிட்டு, 80 கிலோமீட்டர் வேகத்தில் வீட்டுக்குத் திரும்பினோம். மறுநாள் காலை பொது எடை மேடைக்குப் போனேன். டிரெய்லரை வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் எத்தனையோ சாமான்களைப் பூட்டியிருந்தேன். எடை மட்டும் போட்டுப் பார்த்ததில்லை.

டிரெய்லரின் தகட்டில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வெறும் எடை. என்னுடையதில் 1,120 கிலோ. இன்னொன்றை ஏ.டி.எம். (அக்ரிகேட் டிரெய்லர் மாஸ்) என்கிறார்கள். காரிலிருந்து கழற்றி நிற்கும்போது தண்ணீர், கேஸ், துணிமணி எல்லாம் சேர்த்து அதற்கு மேல் போகக் கூடாது என்ற உச்ச எடை, என்னுடையதில் 1,600. ஆக, நான் ஏற்றிக்கொள்ள 480 கிலோ இடம் இருந்தது. முதலில் டிரெய்லரைத் தனியாகக் கழற்றி நிறுத்தி எடை போட்டேன்: 1,680. பிறகு காரில் மாட்டி, டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி போட்டேன்: 1,620. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் காரின் டோ-பால் மேல், அதாவது டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டின் மேல், டிரெய்லர் அழுத்தும் எடை. வெறும் 60 கிலோ. எடை மேடை 20 கிலோ படிகளில்தான் காட்டும் என்பதால், இதற்கென்றே விற்கும் சின்னத் தராசு ஒன்றை வாங்கி மறுபடி பார்த்தேன். 65 கிலோ.

ஆஸ்திரேலியாவில் பொதுவாகச் சொல்லும் கணக்கு, மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு டோ-பால் மேல் இருக்க வேண்டும் என்பது. எனக்கு 4 சதவீதம்கூட இல்லை. முன்பக்கம் இலேசாகவும் பின்பக்கம் கனமாகவும் இருக்கிற டிரெய்லர் ஆடத்தான் செய்யும். 80 கிலோ அதிகமாக ஏற்றியது ஒரு தப்பு என்றால், அதை எங்கே ஏற்றினேன் என்பது அதைவிடப் பெரிய தப்பு.

பின்பக்க இரும்புச் சட்டத்தில் நான் பூட்டியிருந்தவை: இரண்டாவது ஸ்டெப்னி 32 கிலோ, டீசல் நிரப்பிய ஜெர்ரி கேன் இரண்டு 40 கிலோ, கருவிப் பெட்டி 33 கிலோ. ஆக மொத்தம் 105. இவை டிரெய்லரின் சக்கர அச்சுக்கு 2 மீட்டர் பின்னால். டோ-பால் அச்சுக்கு 3 மீட்டர் முன்னால். சீசா பலகைக் கணக்குதான்: 105ஐ 2ஆல் பெருக்கி 3ஆல் வகுத்தால் 70. அந்தச் சட்டம் மட்டுமே டோ-பால் மேலிருந்து 70 கிலோவைத் தூக்கி எடுத்திருக்கிறது! கடையில் பார்க்க அழகாக இருந்தது, வாங்கி மாட்டினேன். மாட்டியவரும் எடையைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஜெர்ரி கேன்கள் வேண்டவே வேண்டாம் என்று தெரிந்தது. நாங்கள் போக நினைத்தது ஊட்னடாட்டா தடம். மாரீ ஊரில் தொடங்கி மார்லா வரை அறுநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், பெரும்பாலும் மண்சாலை. வழியில் வில்லியம் கிரீக்கிலும் ஊட்னடாட்டாவிலும் டீசல் கிடைக்கிறது. அதிகபட்ச இடைவெளி 200 கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். ஸ்டெப்னிக்கு வேறு வழி செய்தேன். டிரெய்லரின் ஹப்பை (சக்கரத்தைப் பூட்டும் நடுப்பகுதி) மாற்றி, காரின் ஆறு போல்ட் சக்கரமே அதற்கும் பொருந்தும்படி செய்துகொண்டேன். இப்போது காரின் ஸ்டெப்னி டிரெய்லருக்கும் ஆகும், டிரெய்லரின் ஸ்டெப்னி காருக்கும் ஆகும். செலவு வைத்த வேலைதான், ஆனால் இந்த டிரெய்லரில் செய்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தது. அதை அச்சுக்குச் சற்று முன்னால் கொண்டுவந்தோம். சட்டத்தில் துளை போடுவதும் வெல்டிங்கும் என் வேலை இல்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தேன். முன்பக்க இழுவைச் சட்டத்தில் தவறான இடத்தில் வெல்டிங் வைத்தால், சரியாக அந்த இடத்திலேயே விரிசல் விடும். டிரெய்லர் கட்டும் பட்டறை ஒன்றில் கொடுத்துச் செய்தேன். கேஸ் குழாயையும் உரிமம் உள்ள கேஸ் ஃபிட்டர்தான் தொட்டார். மின்சாரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். காரிலிருந்து டிரெய்லரின் பேட்டரிக்கு வரும் கம்பி, டிரெய்லரை முன்பு வைத்திருந்தவர் போட்ட மெல்லிய கம்பி; தொட்டால் சூடாக இருந்தது. தடித்த கம்பி போட்டு, இரண்டு முனையிலும் பேட்டரிக்கு அருகே ஃபியூஸ் வைத்தேன். ஃபியூஸ் இல்லாத நீளக் கம்பி உரசிக் காயம்பட்டால் தீப்பிடிக்கும்.

ஜெனரேட்டர், இரும்பு அடுப்பு, மடக்கு மேசை என்று இன்னும் கொஞ்சம் வீட்டிலேயே தங்கின. மறுபடி எடை மேடை. 1,520 கிலோ. டோ-பால் தராசில் 148. அந்த 148 கிலோ காரின் பின்பக்கத்தில் உட்காரும் எடை என்பதால், காரின் கையேட்டில் இருக்கும் வரம்புகளையும் பார்த்துக்கொண்டேன். அதே நெடுஞ்சாலையில், அதே மாதிரி லாரிகள் கடந்தபோது டிரெய்லர் இம்மிகூட அசையவில்லை. அன்று மனைவி விட்ட பெருமூச்சு எனக்கு இன்னும் கேட்கிறது.

ஜூலையில் மாரீ போய்ச் சேர்ந்தோம். தார் முடிந்த இடத்தில் டயர் காற்றைக் குறைத்தோம். காருக்கு 36இலிருந்து 27, டிரெய்லருக்கு 35இலிருந்து 25 பி.எஸ்.ஐ. வேகம் 70க்கு மேல் போகவில்லை. காற்றைக் குறைத்துவிட்டு வேகமாக ஓட்டினால் டயர் சூடாகி வெடிக்கும், அதனால் இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். சாலை தகரக் கூரை மாதிரி வரிவரியாக இருக்கும். அந்த அதிர்ச்சியில் நட்டு தளரும், ஷாக் அப்சார்பர் கொதிக்கும், சமையல் டப்பா மூடி தானாகக் கழலும்.

ஒவ்வொரு மணி நேரமும் இறங்கி நான்கு விஷயம் பார்த்தேன்: கொக்கியும் சங்கிலியும், டயர், சக்கர நட்டு, ஹப்பின் சூடு. கடைசியதற்கு ஒரு சின்ன அகச்சிவப்பு வெப்பமானி வைத்திருந்தேன். கவர்ட் ஸ்பிரிங்ஸ் முகாமுக்கு முன்னால் பார்த்தபோது இடது ஹப் 46 டிகிரி, வலது 83. வெயில் படும் பக்கம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாத வித்தியாசம். முகாமில் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் இறுக்கமாகச் சுற்றியது. கிளம்புவதற்கு முன் பேரிங்குக்குப் புது கிரீஸ் வைத்தது நான்தான். நட்டை அதிகமாக முறுக்கிவிட்டேன். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பேரிங் உட்கார்ந்ததும் தளர்த்தி, பிறகு விரலால் மட்டும் முறுக்கி, பூட்டு ஊசிக்கான துளை நேராக வரும் இடத்தில் ஊசியைப் போட வேண்டும். மிக மிக லேசான ஆட்டம் இருக்க வேண்டும். முதல் தடவை ஸ்பானரில் நிறுத்தியிருந்தேன். பேரிங்கின் உருளைகளைத் துடைத்துப் பார்த்தேன், அதிகச் சூட்டில் வரும் நீலம் பாயவில்லை. கிரீஸ் மாற்றி, சரியாக முறுக்கி மாட்டினேன். மாற்றுப் பேரிங் பூட்டிய முழு ஹப் ஒன்று பெட்டியில் இருந்தது. அதை எடுக்க வேண்டி வரவில்லை என்றாலும், அது இருந்ததால்தான் கை நடுங்காமல் வேலை செய்தேன். அன்று மாலை அங்கிருக்கும் வெதுவெதுப்பான ஊற்றுத் தொட்டியில் மூவரும் இறங்கி உட்கார்ந்தோம்.

வில்லியம் கிரீக்கில் மழை. சாலையை மூடிவிட்டார்கள். மூடிய சாலையில் போனால் அபராதம் உண்டு. அதைவிட, ஈர மண்ணில் ஒரு டிரெய்லர் கிழித்த தடம் காய்ந்ததும் பின்னால் வருகிறவர்களுக்குப் பள்ளமாகிவிடும். இரண்டு நாள் அங்கேயே இருந்தோம். மனைவி டிரெய்லரின் இழுப்பறை அடுப்பில் ரசம் வைத்தாள். கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைப்பதில்லை என்பது எங்கள் வீட்டு விதி. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

அல்ஜபக்கினாவில், கான் என்ற ரயில் முன்பு ஓடிய பழைய பாதையின் பாலம் இருக்கிறது. 1892இல் திறந்தது, அரை கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அதன் கீழே ஆற்று மணலில் இன்னொரு குடும்பத்தின் கார் டிரெய்லரோடு புதைந்து நின்றது. அவர் இழுவைப் பட்டையை என் டோ-பாலில் மாட்டப் போனார். ஓடிப்போய் நிறுத்தினேன். டோ-பால் சீரான இழுவைக்குச் செய்தது. மீட்கும்போது வரும் வெட்டிழுப்பில் அது முறிந்தால் பீரங்கிக் குண்டாகிக் கண்ணாடியைத் துளைத்து வரும். இந்த நாட்டில் அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. முதலில் அவருடைய டிரெய்லரைக் கழற்றினோம். டயர் காற்றை இன்னும் இறக்கினோம், சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரினோம், பலகை வைத்தோம். பட்டையே தேவைப்படவில்லை, கார் தானாக ஏறி வந்தது. பிறகு டிரெய்லரை, எடை தாங்கும் அளவு பொறித்த கொக்கியில் பூட்டி மெதுவாக வெளியே எடுத்தோம்.

மார்லாவில் தார்ச்சாலை ஏறியதும் எல்லா டயருக்கும் காற்று அடித்தேன். ஹப்புகள் 44, 45. காரின் பின் கண்ணாடியில் மட்டும் நகக்கண் அளவு ஒரு தெறிப்பு. டிரெய்லரின் தட்டையான முன்பலகையில் பட்டுத் திரும்பி வந்த கல். அடுத்த பயணத்துக்குள் அங்கே சாய்வாக ஒரு வலைத் தடுப்பு மாட்ட வேண்டும். அதையும் மாட்டிய பிறகு ஒரு தடவை எடை போடுவேன்.