சோலார் பேனலுக்கு முன் சுவரைப் பாருங்கள்
பசுமைக் கட்டுமானம் கற்க விரும்பினால் சுவரில் தொடங்குங்கள். மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் கலந்து அச்சில் அழுத்திச் செய்யும் அழுத்த மண் கல்லுக்குச் சூளை வேண்டாம். 5 முதல் 8 சதவீதம் சிமெண்ட் போதும். ஆனால் மண் சரியாக இருக்கணும். வேரும் மக்கும் கலந்த மேல்மண் கூடவே கூடாது. மண்ணைச் சோதிக்க, கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், சிட்டிகை உப்பு. குலுக்கி ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள்: அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி படியும். களி மிகுந்தால் கல் காயும்போது வெடிக்கும், மணல் சேருங்கள். தண்ணீர் அளவு பார்க்க, ஈரக் கலவையை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். நாலைந்து துண்டானால் சரி. சப்பென்று ஒட்டினால் தண்ணீர் அதிகம்.

பலரும் கோட்டைவிடுவது க்யூரிங்கில்தான், அதாவது செய்த கல்லை ஈரம் காத்து இறுக விடுவதில். முதல் வாரம் வெயில் படாமல் மூடி ஈரம் காக்கணும், 28 நாள் கழித்தே சுவருக்கு ஏற்றணும். அவசரப்பட்டால் கல்லின் முனை கையோடு உதிரும்.