பெருங்காயம் போடாத சாம்பார்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள லீட்ஸ் நகரத்துக்குச் செவிலியராக வந்த முதல் குளிர்காலத்தில் நான் பேசிய மனிதர்களில் பாதிக்கு மேல் நோயாளிகள்தான். காலை ஏழரைக்கு வார்டுக்குள் போனால் இரவு எட்டுக்கு வெளியே வருவேன். டிசம்பரில் இங்கே மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால், வேலை நாட்களில் வெயிலை ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. ஹேர்ஹில்ஸ் பகுதியில் நாலு பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீடு. சுவர் முழுக்கப் பூஞ்சை. அடுத்த அறையில் இருந்தவரின் முகத்தைப் பார்க்கவே மூன்று வாரம் ஆனது. நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்த எனக்குக் குளிர்கூடப் பழகிவிட்டது. யாரும் யாரையும் கூப்பிடாத அந்த அமைதிதான் பழகவில்லை.

எங்கள் வார்டில் ஓர் உதவியாளர் இருந்தார். பதினோரு வருட அனுபவம். கருநீலச் சாயம் பூசிய தலைமுடி, பட்டையாக இழுத்த கண்மை, வீட்டுக்குக் கிளம்பும்போது முழங்கால் வரை வரும் கறுப்பு பூட்ஸ். தொண்ணூறு வயதுப் பாட்டிகள் அவர் கையால்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடிப்பார்கள். ஒருநாள் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போன என்னை நிறுத்தி, "வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, லவ்? என்கூட வா" என்றார். யார்க்‌ஷயரில் கடைக்காரர் முதல் பேருந்து ஓட்டுநர் வரை எல்லாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அது தெரிந்திருந்தும் அன்றைக்கு அந்தச் சொல் எனக்கு இதமாக இருந்தது.

அவர் கூட்டிப்போன இடம் வார்ஃப் சேம்பர்ஸ். ஊரின் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு சந்தில் இருக்கிற செங்கல் கட்டடம். அங்கே வேலை செய்கிறவர்களே கூட்டுறவாகச் சேர்ந்து நடத்தும் கிளப். உள்ளே போக உறுப்பினராக இருக்க வேண்டும், அதற்கு அப்போது ஒரு பவுண்டு. நான் அவருடைய விருந்தாளியாக ஒரு நோட்டில் கையெழுத்துப் போட்டேன். இனவெறி, பெண்ணை இழிவு செய்வது, தன்பாலினத்தவரையும் திருநர்களையும் கேலி செய்வது எதற்கும் இங்கே இடமில்லை என்பது அந்த கிளப்பின் விதி. இப்படி விதி எழுதும் இடங்கள் நிறைய உண்டு. அன்று இரவு குடித்துவிட்டு ஒரு பெண்ணின் தோளில் கைபோட்டவரை, வாசலில் நின்ற மெலிந்த இளைஞர் குரலை உயர்த்தாமல் வெளியே கூட்டிப்போனார். எழுதிய விதியை ஒருவர் நடத்திக் காட்டியதை அப்போதுதான் பார்த்தேன்.

மூன்று பேண்ட் வாசித்தார்கள். இப்படிப்பட்ட கச்சேரியை இங்கே 'கிக்' என்பார்கள். நுழைவுக் கட்டணம் எட்டு பவுண்டு, கையில் ஒரு ரப்பர் முத்திரை. முதலில் வந்தது பங்க், அதாவது வேகமும் கரடுமுரடுமான ராக் இசை. அந்தக் குழு இருபது நிமிடத்தில் பதினைந்து பாட்டை முடித்துவிட்டது. கடைசியாக வந்தது டூம் மெட்டல். ஒரு கிட்டார் ஸ்வரத்தைத் தட்டிவிட்டு, அது தேய்ந்து மறையும்வரை காத்திருந்து அடுத்ததைத் தட்டும் இசை அது. சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் விலா எலும்பில் கேட்டது. என்னைக் கூட்டிவந்த தோழி முன்கூட்டியே என் உள்ளங்கையில் இயர் பிளக் வைத்திருந்தார். நூறு டெசிபலைத் தாண்டும் சத்தத்தில் அது இல்லாமல் நிற்கக் கூடாது. புதிதாகப் போகிறவர்கள் தயவுசெய்து இதை மறக்காதீர்கள். போன செவித்திறன் திரும்பி வராது.

பங்க் குழு வாசித்தபோது மேடைக்கு முன்னால் பத்திருபது பேர் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டு சுற்றினார்கள். நான் சுவரோடு ஒட்டி நின்றேன், அடிதடி என்றே நினைத்தேன். ஒருவர் கால் இடறி விழுந்தார். கண்ணிமைக்கும் நேரத்தில் ஆறு கைகள் அவர் அக்குளுக்குள் போய்த் தூக்கி நிறுத்தின. இன்னொருவர் தரையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்துத் தலைக்கு மேலே பிடித்தார், உரியவர் வந்து வாங்கும்வரை. எனக்கு எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கொடை நினைவுக்கு வந்தது. நள்ளிரவில் முரசும் நையாண்டி மேளமும் ஏறி ஒலிக்க, சாமியாடுகிறவர் விழாதபடி சுற்றிலும் நாலு பேர் கை நீட்டிக்கொண்டே நகர்வார்கள். என் மாமா அப்படி நின்றதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். வெறியாட்டம் போலத் தெரிகிற ஒன்றுக்குள் இவ்வளவு கவனம் இருக்கும் என்று எனக்கு முதலில் சொல்லித்தந்தவர் அவர்.

மறுநாள் காலை ஷிஃப்டுக்கு முன்னால் அந்த முத்திரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். முழங்கைக்குக் கீழே எங்களுக்கு எதுவும் இருக்கக் கூடாது. பக்கத்துத் தொட்டியில் தோழியும் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் பேசவில்லை, சிரித்துக்கொண்டோம்.

அப்புறம் மாதத்துக்கு இரண்டு முறையாவது போக ஆரம்பித்தேன். போகப் போகத்தான் நான் வந்து சேர்ந்த ஊர் எது என்று புரிந்தது. பங்கிலிருந்து பிறந்த, கறுப்பு உடையும் இருண்ட மனநிலையும் அடையாளமான கோத் இசையின் வேர்களில் ஒன்று இந்த நகரத்தில் இருக்கிறது. 1980-ல் 'தி சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி' இங்கே தொடங்கியது. டிரம்ஸ் வாசிக்க ஆளுக்குப் பதில் ஓர் இயந்திரத்தை வைத்து, அதற்கு 'டாக்டர் அவலாஞ்ச்' என்று பெயரிட்டார்கள். இன்றைக்கும் அந்தக் குழுவில் அதே பெயர்தான். மெரியன் சென்டர் என்ற கடைவளாகத்துக்கு அடியில் இருந்த 'லெ ஃபோனோகிராஃபிக்' என்ற கிளப்பை எங்கள் கிக்குகளுக்கு வரும் அறுபது வயதுக்காரர்கள் இன்னும் 'ஃபோனோ' என்று செல்லமாகச் சொல்கிறார்கள். அது மூடி வெகு காலமாகிறது. அங்கே நடுவில் ஒரு தூண் இருந்ததாம், அதைச் சுற்றி ஆடியதை விவரிக்கும்போது அவர்கள் கைகள் இப்போதும் அந்தத் தூணைத் தொடுகின்றன.

மெட்டல் பக்கம் வந்தால், பேருந்து போகும் தூரத்தில் ஒரு சரித்திரமே கிடக்கிறது. 1988-ல் ஹாலிஃபாக்ஸில் 'பாரடைஸ் லாஸ்ட்', 1990-ல் பிராட்ஃபோர்டில் 'மை டையிங் பிரைட்'. இரண்டு குழுக்களின் முதல் ஆல்பத்தையும் வெளியிட்டது டியூஸ்பரி என்ற சின்ன ஊரில் தொடங்கிய 'பீஸ்வில்' என்ற இசை நிறுவனம். பாரடைஸ் லாஸ்ட் 1991-ல் வெளியிட்ட தொகுப்பின் பெயரே 'கோதிக்'. மை டையிங் பிரைட் அந்தக் கனத்த கிட்டாருக்கு நடுவே வயலினைக் கொண்டுவந்தார்கள். மூடிக்கிடக்கும் கம்பளி ஆலைகள், கரி படிந்த கல்வீடுகள், மரமில்லாத மேட்டுநிலம், நிற்காத தூறல் இவற்றைப் பார்த்துக்கொண்டே 72-ஆம் எண் பேருந்தில் பிராட்ஃபோர்டுக்குப் போகும்போது அந்த வயலினைக் கேட்டுப் பாருங்கள். எனக்கு அது ஒப்பாரியாகத்தான் கேட்கிறது. அப்பா போன அன்று விமானம் கிடைக்காமல் இங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம் முழுக்க என்னோடு இருந்தது அந்த இசைதான்.

பிராட்ஃபோர்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். ஆல்பியன் தெருவில் 'ஒன் இன் டுவெல்வ்' என்று ஒரு கிளப் இருக்கிறது. பன்னிரண்டில் ஒன்று. 1981-ல் ஆலைகள் மூடி, வேலையில்லாதவர்கள் பெருகியிருந்த நேரத்தில், அரசின் உதவித்தொகை வாங்குகிறவர்களில் பன்னிரண்டில் ஒருவர் மோசடிக்காரர் என்று ஓர் அரசு விசாரணை சொன்னது. அந்த உதவித்தொகையில் வாழ்ந்தவர்கள் சேர்ந்து ஒரு கிளப் தொடங்கி, தங்கள் மேல் எறிந்த அந்தச் சொல்லையே அதற்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். முதல் சில வருடங்கள் மதுக்கடை மதுக்கடையாக மாறி மாறிக் கச்சேரி நடத்தினார்கள். பிறகு ஒரு பழைய கட்டடத்தைத் தாங்களே உழைத்துச் சீரமைத்து 1988-ல் திறந்தார்கள். முதலாளி கிடையாது. உறுப்பினர்கள் கூடிப் பேசித்தான் எதையும் முடிவு செய்கிறார்கள். கச்சேரி மேடை, சமையலறை, மாடியில் ஒரு நூலகம். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ பங்க் குழுக்கள் வேனில் வந்து இங்கே வாசித்துவிட்டுப் போகின்றன.

இதே ஊரில் 1981-ல் தொடங்கிய 'சதர்ன் டெத் கல்ட்' கோத் இசையின் ஆரம்பகாலக் குழுக்களில் ஒன்று. அதன் டிரம்மர் ஆக்கி நவாஸ், பாகிஸ்தானிலிருந்து குடியேறியவர்களின் மகன். இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் அடைந்த மகிழ்ச்சி பெரியது. அறையில் என் தோல் நிறத்தில் நான் மட்டும் நின்ற நாட்கள் உண்டு. எனக்கு நாற்பது வருடம் முன்னாலேயே நம் பக்கத்து ஆள் ஒருவர் மேடையின் மையத்தில் உட்கார்ந்து அடித்திருக்கிறார். நான் நடை போகும் பாட்டர்நியூட்டன் பூங்காவில்தான் 1981 ஜூலையில் நிறவெறிக்கு எதிரான பெரிய இசைவிழா நடந்தது என்பதும் இந்த நண்பர்கள் சொல்லித்தான் தெரியும். அந்தக் காலத்தில் லீட்ஸ் தெருக்களில் நிறவெறிக் கும்பல்கள் பலமாக இருந்தன. கச்சேரிகளுக்குள் புகுந்து அடித்திருக்கிறார்கள். இங்குள்ள பங்க் குழுக்கள் அதற்கு எதிராக நின்றன. அந்த நாளில் உண்டான உறுதி இன்றைய கிளப் விதிகளில் இன்னும் இருக்கிறது.

ஒருமுறை இரவுப் பேருந்தில் நாங்கள் இருவரும் வந்துகொண்டிருந்தபோது, பின் இருக்கைப் பையன்கள் கத்த ஆரம்பித்தார்கள். என்னைத்தான் என்று நினைத்து நான் உறைந்துபோனேன். அவர்கள் கத்தியது தோழியைப் பார்த்து, அவர் உடையைப் பார்த்து. இறங்கிய பிறகு அவர் சோஃபி லங்காஸ்டரைப் பற்றிச் சொன்னார். 2007 ஆகஸ்டில் லங்காஷயரின் பேக்கப் என்ற ஊர்ப் பூங்காவில், கோத் உடை உடுத்தியிருந்த ஒரே காரணத்துக்காக ஒரு கும்பல் அவரையும் அவர் காதலரையும் அடித்தது. காதலர் பிழைத்தார். சோஃபி பிழைக்கவில்லை. வயது 20. 2013-ல் கிரேட்டர் மான்செஸ்டர் காவல்துறை இப்படிப்பட்ட தாக்குதல்களையும் வெறுப்புக் குற்றமாகப் பதிய ஆரம்பித்தது. கடற்கரை ஊரான விட்பியில், 1994 முதல் கோத் விழா நடக்கும் இடத்தில், சோஃபியின் நினைவாக ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அடுத்த வருடம் அங்கே போனபோது அதில் சற்று நேரம் உட்கார்ந்தோம். நான் தோலால் வெறுக்கப்படுகிறேன், அவர் உடையால். உடையைக் கழற்றி வைக்கலாமே என்று அவரிடம் சொல்ல எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

2024 ஆகஸ்டில் அது எனக்கே திரும்பி வந்தது. சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்ட பிறகு, செய்தவன் அகதி என்று பொய் பரவி, பல ஊர்களில் குடியேறியவர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. சண்டர்லண்டில் அவசர வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் செவிலியர்கள் மேல் கல்லெறிந்தார்கள் என்ற செய்தி எங்கள் வார்டையே உலுக்கியது. அன்று மாலை என் போனில் ஒரு புதிய வாட்ஸ்அப் குழு இருந்தது. கிக்குகளுக்கு வரும் பழகிய முகங்கள். யாரிடம் கார் இருக்கிறது, எந்த ஷிஃப்டுக்கு யார் என்று பட்டியலே போட்டிருந்தார்கள். மண்டையோடு அச்சிட்ட சட்டை போட்ட ஒரு பேஸ் கிட்டார்காரர், விடிகாலை ஆறே முக்காலுக்கு வந்து ஹாரன் அடிக்காமல் வாசலில் காத்திருப்பார். இரண்டு வாரம். பெட்ரோலுக்குப் பணம் நீட்டினால் கோபப்பட்டார்.

அதற்கு நான் என்ன செய்ய முடியும்? சமைக்க முடியும்.

ஊர் ஊராக வரும் பங்க் குழுக்களுக்குக் கிடைக்கும் பணம் பெரும்பாலும் வேனுக்கு டீசல் போடவே சரியாக இருக்கும். அதனால் கச்சேரியை ஏற்பாடு செய்கிறவர்களே சாப்பாடும் படுக்க இடமும் கொடுப்பது இங்கே எழுதாத வழக்கம். சாப்பாடு எப்போதும் வீகன், அதாவது இறைச்சி, பால், நெய் எதுவும் கூடாது. வழக்கமாகச் சமைப்பவருக்கு உடம்பு சரியில்லை என்றதும் ஒன் இன் டுவெல்வில் அன்று நான் கை தூக்கினேன். ரவுண்டே சாலைக் கடைகளில் துவரம்பருப்பு, முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் கிடைத்தன. நெய்க்குப் பதில் எண்ணெயில் தாளித்தால் நம் சாம்பார் சாதம் முழுக்க அவர்கள் சாப்பாடுதான். பெருங்காய டப்பாவைத் திறக்கும்போதுதான் கை நின்றது. வந்திருந்த டிரம்மருக்குக் கோதுமை ஆகாது, சீலியாக் நோய் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். நாம் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவை மூடிவிட்டுச் சீரகத்தையும் பூண்டையும் கூட்டிப்போட்டேன்.

நாற்பது பேர் சாப்பிட்டார்கள். டிரம்மர் மூன்று முறை வாங்கினார். முருங்கைக்காயை எப்படிச் சாப்பிடுவது என்று ஒரு மேசை முழுவதற்கும் கடித்து இழுத்துக் காட்டினேன். பெரிய பாத்திரத்தைப் பேஸ் கிட்டார்காரர்தான் தேய்த்தார். கீழே ஒலி சரிபார்க்க ஆரம்பித்ததும் சமையலறைத் தட்டுகள் அதிர்ந்தன.

கறுப்பு உடுத்துவது அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. "மக்களே, நல்ல நாளும் அதுவுமா கறுப்பு போட்டுட்டு எங்க போற?" என்று வீடியோ அழைப்பில் ஒவ்வொரு முறையும் முகம் சுளிப்பார். அன்று கடைசிப் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும், ஊரில் விடிந்திருக்குமே என்று அழைத்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். பெருங்காயம் போடாததை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். என் சட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"நாப்பது பேருக்குன்னா உப்பு பாத்துப் போட்டியா மக்களே?"