ஒரு பிள்ளையின் கதை அச்சுக்குப் போகும்வரை

எங்கள் நிறுவனத்தின் உதவி பெற்ற இளைஞரின் கதையைக் கொடையாளருக்கும் முகநூலுக்கும் எழுதும்போது, பெயரை மாற்றிவிட்டால் ஆளைத் தெரியாது என்ற கணக்கு திருகோணமலையில் சரிவராது. ‘கிண்ணியாவில் மோட்டார் சைக்கிள் திருத்தப் பழகும் 19 வயதுப் பெண்’ என்று எழுதினால் போதும், பஸ் பாலத்தைத் தாண்டுமுன் இன்னாருடைய மகள் என்று சொல்லிவிடுவார்கள். ஊர், தொழில், குடும்ப நிலை ஆகிய மூன்றும் சேர்ந்துதான் ஆளைக் காட்டிக்கொடுக்கின்றன. மூன்றில் ஒன்றை மட்டும் துல்லியமாக விட்டு, மற்ற இரண்டையும் மங்கலாக்குகிறோம். தொழில்தான் கதையென்றால் ஊரை எடுத்துவிட்டு ‘திருகோணமலை மாவட்டம்’ என்று போடலாம். 11 பிரதேச செயலகப் பிரிவு இருக்கிற மாவட்டம், ஒளிய இடமுண்டு.

அடுத்தது வயது. 2014இன் தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வரை இளைஞர் என்கிறது. அதில் 15, 16, 17 வயதுக்காரர் சட்டப்படி இன்னும் பராயமடையாதவர்கள். ‘பதினெட்டு முடிஞ்சுது’ என்ற வாய்ச்சொல்லை நம்பாமல் அடையாள அட்டையில் பிறந்த திகதியைப் பாருங்கள். 18க்குக் கீழென்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். இரண்டில் ஒன்று போதாது. தாய் குவைத்திலோ சவூதியிலோ வேலையில், வீட்டில் அம்மம்மாதான் என்ற நிலை இங்கே புதிதல்ல. அப்போது அம்மம்மாவின் கையெழுத்தோடு, தாயிடமிருந்து வட்ஸ்அப் குரல்பதிவு ஒன்றையும் வாங்கிக் கோப்பில் வைக்கிறோம்.

சம்மதப் படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. படம், பெயர், எங்கே வெளிவரும் என்பவற்றுக்குத் தனித்தனிக் கட்டம் இருக்கட்டும். கொடையாளருக்குப் போகும் அறிக்கைக்குச் சம்மதித்தவர் முகநூலுக்கும் சம்மதித்ததாக எடுக்க முடியாது. வாசித்துக் காட்டும்போது ‘பொதுவெளி’ போன்ற சொல் உதவாது. ‘தங்கச்சி, இது முகநூலில வந்தா உங்கட மாமா பாப்பார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாப்பினம், பரவாயில்லையா?’ என்று கேட்டால் உண்மையான பதில் வரும். தையல் மெஷின் கொடுக்கிற நாளில் மட்டும் இந்தப் படிவத்தை நீட்ட வேண்டாம். மெஷினை எதிரில் வைத்துக்கொண்டு யார் மாட்டேன் என்பார்கள்? கொடுத்து ஒரு கிழமையாவது போகட்டும்.

படம் எடுக்கக் காலை எட்டு மணிக்கு முன் போங்கள். கடற்கரைப் பக்கம் அதன்பின் வெயில் முகத்தில் கறுப்பு நிழல் விழுத்தும். எடுத்த இடத்தைப் படத்தோடு பதியும் இட அடையாள வசதியைக் கமராவில் முதலே நிறுத்திவிடுங்கள். முகத்தை மறைத்தும் பின்னணியில் ஆள் பிடிபடுவதுதான் அடிக்கடி நடப்பது: பள்ளிச் சீருடையின் பட்டி, ஓட்டோ இலக்கத் தகடு, மீனவக் குடும்பமென்றால் வள்ளத்தின் பக்கவாட்டில் எழுதிய பதிவு இலக்கம். வேலை செய்யும் கைகளை அருகில் போய் எடுங்கள். முகம் இல்லாத நல்ல படம் அதுதான். அலுவலகத்துக்கு அனுப்பும்போது வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள்.

எழுதியதை மூன்று மொழிக்கும் கொண்டுபோகுமுன் உரியவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டுகிறோம். ‘குடிகார அப்பா’ போன்ற வரி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கொடையாளருக்கு அந்த வரி பிடிக்கும், ஆனாலும் எடுத்துவிடுகிறோம். பக்க வடிவமைப்பைத் தமிழில் தொடங்குங்கள். தமிழ்தான் அதிக இடம் பிடிக்கும். ஆங்கிலத்துக்கு அளந்த கட்டத்துக்குள் அது அடங்காது.

அச்சகத்தில்தான் பொறுமை போகும். நாங்கள் இன்றைய பொதுக் குறியீடான யூனிகோட்டில் அனுப்புவோம், அங்கே பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை நடக்கும். மாற்றி எடுக்கும்போது ‘ஸ்ரீ’ உடையும். பாமினியில் ஆங்கில விசைகளில்தான் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கிறது. ஆகவே மின்னஞ்சல் முகவரிக்கு வேறு எழுத்துரு கொடுக்க மறந்தால் அது அர்த்தமில்லாத தமிழாக அச்சாகும். யூனிகோட்டிலேயே செய்யும் அச்சகத்திலும் மென்பொருள் பழையதென்றால் ‘கொ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பிடிஎஃப்பாகக் கொடுப்பது பாதுகாப்பு. எழுத்துருவை உள்ளே பதித்து, தாளை வெட்டும்போது போகிற வெட்டுவிளிம்பாகச் சுற்றிவர 3 மில்லிமீற்றர் விடுங்கள். புரூஃபைக் கைத்தொலைபேசியில் பார்த்து ‘ஓகே’ சொல்லாமல் தாளில் எடுத்துத் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் சிங்களம் தெரிந்தவர் ஒருவரும் எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். தொலைபேசி இலக்கத்தைச் சுழற்றியே பார்த்துவிடுங்கள்.

படிவம், படம், கடைசிப் பிரதி மூன்றும் ஒரே கோப்புறையில், ஒரே இலக்கத்தின் கீழ் இருக்கட்டும். பின்னாளில், பெரும்பாலும் கல்யாணப் பேச்சு வரும்போது, ‘அந்தப் படத்தை எடுத்துவிடுங்கோ’ என்று அழைப்பு வரும். முகநூலிலிருந்தும் இணையத்தளத்திலிருந்தும் அன்றைக்கே நீக்கலாம். அச்சில் போனதைத் திருப்ப முடியாது. அதைப் படிவத்திலேயே, கையெழுத்துக் கோட்டுக்கு நேர் மேலே, ஒரு வரியாகச் சேர்த்து வைத்திருக்கிறோம்.