ஏழு பில்லும் ஒரு சவுக்குத்தோப்பும்

2024 ஆடி அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தது. உச்சிப்புளியில் என் டீக்கடை ராமேஸ்வரம் ரோட்டை ஒட்டியே இருக்கிறது. அந்த வருஷம் தீவுக்குள் ரயில் கிடையாது. 2022 டிசம்பரில் பாம்பன் பழைய பாலத்தில் நிறுத்தியது, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகுதான் மறுபடி ஓடியது. அதனால் அக்னி தீர்த்தத்தில் முழுகப் போகிற கூட்டம் மொத்தமும் வேனிலும் பஸ்ஸிலும் என் கடை வாசல் வழியாகத்தான் போனது. சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு டீத்தூள் தீர்ந்துவிட்டது.

வெளியில் வாங்கிப் போட முடியாது. நான் நடத்துவது பிரான்சைஸ் கடை, அதாவது முதல் என்னுடையது, பேரும் போர்டும் ஒரு கம்பெனியுடையது. தூள், கப், சர்க்கரைப் பொட்டலம், கை துடைக்கிற காகிதம்வரை கம்பெனியில்தான் எடுக்க வேண்டும். கம்பெனி பேர் இங்கே வேண்டாம். அஞ்சு வருஷ ஒப்பந்தம், ஒம்போது லட்சம் முதல். சார்ஜாவில் பதினாலு வருஷம் கஃபட்டேரியாவில் நின்று சேர்த்த காசு அது. அங்கே அடுத்தவன் கடையில் டீ ஆற்றினோம், ஊரில் சொந்தக் கடையில் ஆற்றுவோம் என்று நினைத்துத்தான் வந்தேன். சொந்தக் கடை என்பதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது யோசிக்கவில்லை.

கீழக்கரையில் இதே போர்டு போட்ட கடை ஒன்று உண்டு. நடத்துகிறவரை மதுரையில் கம்பெனி நடத்திய இரண்டு நாள் ட்ரெயினிங்கில் பக்கத்து நாற்காலியில் பார்த்த பழக்கம். காக்கா என்றுதான் கூப்பிடுவேன், வயதில் மூத்தவர். போன் போட்டேன். "வா தம்பி, அஞ்சு கிலோ இருக்கு, எடுத்துட்டுப் போ" என்றார். ஒரு கடைச் சரக்கை இன்னொரு கடைக்குக் கொடுக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அந்த ராத்திரியில் யார் ஒப்பந்தத்தைப் பார்த்தார்கள்? பைக்கை எடுத்தேன்.

மூன்று நாள் கழித்துப் பணம் கொடுக்கப் போனபோது, "கிலோ 465, அஞ்சு கிலோவுக்கு 2,325 குடு போதும்" என்றார்.

எனக்கு கிலோ 520 ரூபாய்க்கு பில் வருகிறது.

காக்கா நமக்காகக் குறைத்துச் சொல்கிறார் என்று நினைத்து, "இல்ல காக்கா, சரியாவே வாங்கிக்கிருங்க" என்றேன். அவர் டிராயரைத் திறந்து பில்லை எடுத்துப் போட்டார். அதே தூள், அதே மாதம், அதே வண்டியில் வந்த லோடு. 465.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் அவர் கேட்டார்: "கப்பு உனக்கு என்ன ரேட்டு?" கப்பில் அவருக்குத்தான் அதிகம்.

மற்ற கடைக்காரர்களை எப்படிப் பிடிப்பது? கம்பெனி யாருடைய நம்பரையும் யாருக்கும் கொடுத்ததில்லை. இதை எழுதுவதற்காகக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். அமெரிக்காவில் 1979 முதல் பிரான்சைஸுக்கென்றே மத்திய விதி இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு 14 நாள் முன்னாடியே கம்பெனி ஒரு முழு விவரப் பத்திரம் கொடுத்துவிட வேண்டும். அதில் இப்போது கடை நடத்துகிறவர்களின் போன் நம்பரும், போன வருஷம் விட்டுப் போனவர்களைத் தொடர்புகொள்ளும் விவரமும் இருந்தே ஆகவேண்டும். விட்டுப் போனவன் நம்பர்! நமக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் கிடையாது. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தை வைத்துத்தான் எல்லாம். எங்களுக்கு நம்பர் கொடுத்தது லோடு வண்டி டிரைவர். மதுரையிலிருந்து ஒருநாள் ராமநாதபுரம் வந்து மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் போவார், ஒருநாள் கீழக்கரை, சாயல்குடி, இன்னொரு நாள் தேவிபட்டினம், தொண்டி. இரண்டு டீயும் ஒரு பப்ஸும் சாப்பிட்டுவிட்டு, ஒரு சிகரெட் அட்டையின் பின்னால் ஐந்து நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். "நான் குடுத்தேண்டு சொல்லீராதீங்கண்ணே."

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து காக்காவும் வரட்டும் என்று மூன்று மணிக்கு வைத்தோம். இடம் அரியமான் கடற்கரை சவுக்குத்தோப்பு. ஏழு பேர் வந்தோம். பில் கட்டோடு வாருங்கள் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். பாயை விரித்து, காற்றில் பறக்காமல் இருக்கச் சங்கையும் செருப்பையும் தூக்கி பில்கள்மேல் வைத்தோம். தூள் விலை நாலு விதம். வண்டி வாடகை மூன்று பேருக்கு உண்டு, நாலு பேருக்கு இல்லை. மண்டபத்துக்காரருக்கு மாதம் குறைந்தது 60,000 ரூபாய்க்குச் சரக்கு எடுக்க வேண்டும், ராமேஸ்வரத்துக்காரருக்கு 85,000. தீவில் கடை வைத்தால் யாத்திரைக் கூட்டம் கொட்டும் என்று அந்த 85-ஐப் போட்டார்கள். ரயில் நின்ற இரண்டு வருஷமும் அந்த 85 அப்படியே நின்றது. மண்டபத்தில் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கும்போது விடியக்காலை மூணு மணிக்கு டீ குடிக்க யார் வருவார்? அவருக்கும் அந்த 60 குறையவில்லை.

இதையெல்லாம் விட எனக்கு மறக்காதது அடுத்து நடந்தது. ராமேஸ்வரத்துக்காரர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். போன வருஷம் அவர் சண்டை போட்டதில் ஏரியா மேனேஜர், கம்பெனிக்குக் கட்டுகிற ராயல்டியில் இரண்டு மாதத்தைத் தள்ளுபடி செய்து கொடுத்தாராம். "உங்களுக்கு மட்டும் பண்ணித் தர்றேன், வெளிய சொல்லிராதீங்க சார்" என்றாராம்.

சாயல்குடி அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். அவருக்கு ஒரு பெயர்ப்பலகை இலவசம். தொண்டிக்காரருக்குப் பக்கத்தில் வேறு கடை திறக்கமாட்டோம் என்ற வாய்வாக்கு. காக்காவுக்கு அந்த 465. எனக்கு ஒரு ஃப்ரீஸர். எங்கள் கடற்காற்றில் ஃப்ரீஸர் பின்பக்கக் கம்பி இரண்டே வருஷத்தில் துருப்பிடித்துப் போகும். நான் கத்தினேன், புதுசு வந்தது, வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி என் மனைவியிடம், "மத்தவய்ங்க எல்லாம் ஏமாளிப் பயலுக, நாமதான் கேட்டு வாங்கியிருக்கோம்" என்று பீற்றியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மத்தவய்ங்க ஆறு பேரும் அவரவர் வீட்டில் அதையேதான் பீற்றியிருக்கிறார்கள்.

என் மச்சான் மண்டபத்தில் விசைப்படகு வைத்திருக்கிறார். அவரிடம் போய்ச் சொன்னேன். எறா வாங்குகிற கம்பெனிக்காரர்கள் விலையை இறக்கினால் இவர்கள் சங்கத்தில் கூடி கடலுக்குப் போவதில்லை என்று முடிவெடுப்பார்கள். எடுத்தால் ஒருவரும் கடலுக்குப் போக மீன்வளத்துறை கொடுக்கிற டோக்கனை வாங்கமாட்டார்கள். திங்கள், புதன், சனி விசைப்படகு, மற்ற நாலு நாள் நாட்டுப்படகு என்று பாக் நீரிணையையே பேசிப் பங்குபோட்டு வைத்திருக்கிற ஆட்கள். "ஏழு பேரும் ஒரு வாரம் கடையைச் சாத்துங்க மாப்ள, தானா வருவான்" என்றார். மச்சானுக்குப் படகு சொந்தம். நான் சாத்தினால் கட்டட வாடகை ஓடும், மாஸ்டர் சம்பளம் ஓடும், பத்து நாள் தொடர்ந்து பூட்டினால் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம் என்று பதினெட்டாம் பக்கத்தில் இருக்கிறது. மீன்காரர் வழி டீக்காரருக்கு அப்படியே ஒத்துவரவில்லை. ஆனால் அவர் சொன்ன இன்னொன்று ஒத்துவந்தது. "ஒருத்தன் மட்டும் தனியா யாவாரிகிட்டப் பேசக்கூடாது. பேசுனா ரெண்டு பேரா போகணும்."

வக்கீலாக இருக்கிற என் பள்ளித்தோழனை ராமநாதபுரம் கோர்ட் வாசலில் பிடித்தோம். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு மூன்று விஷயம் சொன்னான். தகராறு வந்தால் நடுவரைக் கம்பெனி எம்.டி. தன்னிஷ்டத்துக்கு நியமிப்பார் என்று இருப்பது நிற்காது. முடிவில் ஆதாயம் உள்ளவர் தனியாக நடுவரை நியமிக்கக்கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்பந்தம் முடிந்த பிறகு இரண்டு வருஷம் டீக்கடையே வைக்கக்கூடாது என்ற வரி ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவில் அடிபட்டுப்போகும். ஆனால் ஒப்பந்தம் நடக்கிறவரை வேறு தூள் போடக்கூடாது என்பது செல்லும், அதில் கையை வைக்காதே என்றான். சங்கமாகப் பதிய வேண்டுமென்றால் 1975-ஆம் வருஷச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். "சரியா ஏழு பேர்தான் இருக்கீங்க, ஒருத்தன் கழண்டாலும் போச்சு" என்று சிரித்தான்.

சாயல்குடி அண்ணன் அங்கேயே உணர்ச்சிவசப்பட்டு, எல்லாரும் சேர்ந்து டீ விலையை 15 ஆக்கித் தீர்மானம் போட்டுவிடுவோம் என்றார். வக்கீல் பதறிவிட்டான். கடைக்காரர்கள் கூடி விற்பனை விலையை நிர்ணயித்து மினிட்ஸில் எழுதினால், 2002-ஆம் வருஷப் போட்டிச் சட்டத்தில் நாங்களே மாட்டுவோமாம். ஆஸ்திரேலியாவில் இந்தச் சங்கடத்துக்கு வழி செய்துவிட்டார்கள். 2021 ஜூனிலிருந்து பிரான்சைஸ் எடுத்தவர்கள் சேர்ந்து நின்று கம்பெனியோடு பேரம் பேசுவதற்குப் போட்டிச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. "நாம ஆஸ்திரேலியாவுல இல்லண்ணே, உக்காருங்க" என்றார் தேவிபட்டினத்துக்காரர்.

கடிதம் ஒன்றரைப் பக்கம். மூன்றே கேள்வி: ஏன் ஆளுக்கொரு ரேட்டு, தடைக்காலத்தில் ஏன் அதே அளவு, வண்டி வாடகை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. ஏழு கையெழுத்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். கோரிக்கை என்ற வார்த்தையைக் காக்கா போடவிடவில்லை. "கேள்வியா கேளு. பதில் எழுதித்தானே ஆகணும்?"

அட்டை திரும்பி வந்த மறுநாளிலிருந்து போன். கடிதத்துக்குப் பதில் வரவில்லை, ஆளாளுக்குத் தனித்தனியாகப் போன். என்னிடம் ஏரியா மேனேஜர் தேன் ஒழுகப் பேசினார். நல்ல பையன்தான், அவனுக்கும் டார்கெட். "சார், உங்க பிரச்சினை என்னன்னு சொல்லுங்க, அந்த ஆறு பேர் கதை எதுக்கு?" மச்சான் சொன்னதை நினைத்துக்கொண்டு, கடிதத்தில் ஏழு பேர் இருக்கிறோம், ஏழு பேரையும் கூப்பிடுங்கள் என்றேன். இதைச் சொல்லிவிட்டு வைக்கும்போது கை நடுங்கியது. இரண்டாவது ஃப்ரீஸரும் அப்போது மக்கர் செய்துகொண்டிருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

தொண்டிக்காரர் கழண்டுகொண்டார். தேவகோட்டையில் இரண்டாவது கடை தருகிறோம் என்றிருக்கிறார்கள், கையெழுத்தை வாபஸ் வாங்கி ஒரு கடிதம் கொடுத்துவிட்டார். சாயல்குடி அண்ணன் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலேயே அவரை வாய்க்கு வந்தபடி திட்டினார். எனக்கு வாய் வரவில்லை. ஒரு ஃப்ரீஸருக்கு அடங்கியவன் ஒரு கடைக்கு அடங்கியவனை என்ன சொல்வது? ஏழு ஆறானது, சங்கப் பதிவும் அதோடு நின்றது. பரமக்குடிக்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பேச்சுவார்த்தை மதுரையில் ஒரு ஹோட்டலில், டிசம்பரில். நானும் காக்காவும் போனோம். அதை நீட்டி எழுத ஒன்றுமில்லை, ஏசி குளிர், நாலு மணி நேரம், கம்பெனி டீயே கொடுத்தார்கள், ஆறிப்போயிருந்தது. கிடைத்தது இவ்வளவு: எல்லாருக்கும் ஒரே அச்சடித்த விலைப்பட்டியல், தூள் 490. அதில் காக்காவுக்கு 25 ரூபாய் நட்டம். வரும் வழியில் பஸ்ஸில் கேட்டேன். "கப்புல எடுத்துருவேன், நீ பேசாம வா" என்றார். தடைக்கால 61 நாளுக்கு மண்டபத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் அளவு பாதி. வண்டி வாடகை யாருக்கும் இல்லை. பழைய வாடகையைத் திருப்பித் தரச் சொன்னதற்கு யோசிக்கிறோம் என்றார்கள், இன்னும் யோசிக்கிறார்கள்.

இப்போது லோடு இறங்கினால் முதல் வேலை பில்லைப் படம் எடுத்து குரூப்பில் போடுவது. படம் போட்ட பிறகுதான் டிரைவருக்கே டீ. ஆறு கடைக்கும் ஆறு படம்.

போன செவ்வாய்க்கிழமை ஏழாவதாக ஒரு படம் வந்தது. தொண்டி. அவரை யாரும் குரூப்பிலிருந்து எடுக்கவே இல்லை. திட்டிய சாயல்குடி அண்ணன்கூட எடுக்கவில்லை. படத்துக்குக் கீழே ஒரு வரி: "இதில் வண்டி வாடகை 640 போட்டிருக்கு, உங்களுக்கும் போட்டிருக்கா?"

அரை மணி நேரம் யாரும் பதில் போடவில்லை. அப்புறம் காக்கா போட்டார்: "வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிஞ்சு. அரியமான். பில்லுக் கட்ட எடுத்துக்கிட்டு வாங்க."