34 வயதில் வந்த நகாஜிமா

நேற்று ராத்திரி பிரிக்பீல்ட்ஸில் சாலையே தெரியாத அளவுக்கு மழை, மாமாக் கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்க, ஜப்பானிய ஃபார்முலா ஒன் ஓட்டுநர் சத்தோரு நகாஜிமாவின் 1989 அடிலெய்ட் மழைப் பந்தயத்தை அப்பாவுக்குக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். 23ஆவது இடத்திலிருந்து கிளம்பிய லோட்டஸ் கார். உலகச் சாம்பியன் அயர்டன் சென்னாவே முன்னால் போன காரில் மோதி வெளியேறிய அந்த மழையில் மனிதர் 4ஆவதாக வந்தார், அன்றைய அதிவேகச் சுற்றும் அவருடையதுதான். ஃபார்முலா ஒன்னில் அவர் கால்வைத்ததே 1987இல், 34 வயதில்! அதற்கு முன்பே ஜப்பான் ஃபார்முலா 2 பட்டத்தை 5 முறை வென்றவர், சொந்தமாக அணியும் வைத்திருந்தவர். சென்னாவோடு ஒப்பிட்டு அவரைக் குறைத்துப் பேசினால் எனக்குக் கோபம் வரும். அப்புறம், மகன் கசுக்கி 2008இல் நம்ம மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் வில்லியம்ஸ் கார் ஓட்டினார். என் அப்பா கேட்டது ஒன்றுதான்: "அந்த மழையில எப்படிடா கண்ணு தெரிஞ்சுச்சு?"