சத்தத்துக்கு விழுந்த சலானும் புதுப்பேட்டை சைலன்சரும்

போன வருஷம் செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்விஃப்ட் வாங்கினேன். பின்பக்க சைலன்சரை அறுத்துவிட்டு வெறும் குழாயை வெல்டிங் வைத்திருந்தார்கள். பேஸ்மெண்டில் ஸ்டார்ட் செய்தால் பக்கத்தில் நிற்கும் பைக்கின் அலாரம் கத்தும். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று மூன்று மாதம் தள்ளிப்போட்டது என் தப்புதான்.

சென்னை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) நீலாங்கரை அருகே போலீஸார் நிறுத்தினார்கள். நான் புகைச் சான்றிதழை நீட்டினேன். "இது புகைக்கு சார். இதில் சத்தம் எங்கே இருக்கிறது?" என்றார் எஸ்.ஐ. உண்மைதான். பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் என்று புகையைத்தான் அளக்கிறார்கள். டெசிபல் பக்கமே போவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இல் சலான் விழுந்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பிரிவில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். மூன்று மாதம் லைசென்ஸும் போகும். முந்தைய ஓனர் செய்த வேலை என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

அபராதத்தை ஆன்லைனில் கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நண்பனுடன் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனேன். வழியெல்லாம் வாக்குவாதம். அவனிடம் பெரிய பைக் இருக்கிறது, கம்பெனி சைலன்சர்தான். அவனையும் இரண்டு முறை நிறுத்தியிருக்கிறார்கள். "காரின் வரம்பு 74 டெசிபல் என்கிறாய். அது டெஸ்ட் டிராக்கில் ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பது. ரோட்டில் காதால் கேட்டுத்தானே சலான் போடுகிறார்கள்?" என்றான். அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நிற்கும் வண்டியில் குழாய்ப் பக்கம் மீட்டர் பிடித்து, அந்த எண்ணைச் சலானில் எழுத வேண்டும். ஆனால் அதற்காக வரம்பே வேண்டாம் என்று அவன் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. குடியிருப்புப் பகுதியில் இரவு 45 டெசிபல்தான் என்று 2000-ஆம் வருஷ ஒலி மாசு விதியே சொல்கிறது. கைக்குழந்தை தூங்கும் தெருவில் என் வண்டி என்ன செய்தது என்று எனக்குத் தெரியும்.

கடைக்காரர் பழைய சைலன்சர் ஒவ்வொன்றையும் காதோரம் வைத்துக் குலுக்கினார். உள்ளே கடகடவென்றால் தகடு துருப்பிடித்து விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தமாம். இரண்டை ஒதுக்கி மூன்றாவதைக் கொடுத்தார். வாங்கப் போகிறவர்கள் மாடல் வருஷத்தைச் சொல்லிக் கேளுங்கள், பில்லையும் பத்திரமாக வையுங்கள். மெக்கானிக் பழைய வெல்டிங்கை அறுத்து, புது கேஸ்கெட், புது ரப்பர் போட்டு மாட்ட அரை நாள் ஆனது.

திரும்பி வரும்போது எழும்பூர் சிக்னலில் இண்டிகேட்டர் டிக் டிக் என்றது. அந்தக் காரில் அதை நான் கேட்டது அன்றைக்குத்தான்.